பகல்ல புழு இல்லைன்னு நம்பாதீங்க: கடலக்காட்டுல தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் பள்ளத்தூர் பக்கத்துல இருந்து ஒரு தம்பி போன் பண்ணாப்ல, மெட்ராஸ் வேலய விட்டுட்டு வந்து மொத தடவ கடலை போட்டுருக்காரு. "அண்ணே, இலை பூராம் ஓட்டையா கெடக்கு, ஒரு புழுவக்கூட காணோம், வெட்டுக்கிளியா இருக்குமோ?" அப்ப காலைல மணி 11. இதே கேள்விய கேட்டு ஏமாந்த ஆளு நானு, அதான் எரிச்சலா வந்துச்சு. தண்ணி, களை பத்தியெல்லாம் இங்க சொல்லல, அது எல்லாருக்கும் தெரியும்.

பகல்ல பாத்துட்டு முடிவு பண்றது

புரொடீனியா, அதான் வெட்டுப்புழு, வளந்துருச்சுன்னா வெயில்ல நிக்காது. விடியுறதுக்குள்ள எறங்கி தூருக்கிட்ட மண்ணுக்குள்ள, வெடிப்புல, சருகுக்கடியில பதுங்கிக்கும், பொழுது சாஞ்சாத்தான் ஏறி மேயும். நான் அது தெரியாம உச்சி வெயில்ல மூணு தடவ மருந்தடிச்சேன், கூலியும் போச்சு மருந்தும் போச்சு, இலை மட்டும் கொறஞ்சுகிட்டே வந்துச்சு. ஒரு நா ராத்திரி கரண்ட்டு வந்துச்சுன்னு மோட்டார் போடப் போனவன் சும்மா டார்ச்ச அடிச்சேன் பாருங்க, செடிக்கு ரெண்டு மூணு, கொழுத்துப் போய் மேயுது. காலைல தூர்மண்ண விரலால கீறுனா அதே புழு மோதிரம் மாதிரி சுருண்டு கெடக்கு. இலை மேல கடுகு கடுகா பச்சைப் புழுக்கை கெடந்தா ஆளு கீழதான் இருக்குன்னு அர்த்தம், அதையும் நான் தெனம் பாத்துட்டுத்தான் தாண்டிப் போயிருக்கேன்.

தம்பிய ராத்திரி டார்ச்சோட போகச் சொன்னேன். 9 மணிக்கு போன் வந்துச்சு: "எண்ண முடியலண்ணே."

குஞ்சுப்புழுவ விட்டுர்றது

இதுதான் கையில கெடச்ச நேரம். தாய்ப்பூச்சி இலைக்கடியில நூத்துக்கணக்குல முட்டைய குவிச்சு வச்சு பழுப்பு ரோமத்தால மூடி வச்சிரும். பொரிச்சு வந்த குஞ்சுக பெருசு மாதிரி மண்ணுக்கு எறங்காது, கூட்டமா இலைக்கடியிலயே இருந்து பச்சையச் சொரண்டும், இலை வெள்ளக் காகிதம் மாதிரி ஆயிரும். பட்டப்பகல்லயே கண்ணுக்குத் தெரியும். அந்த இலைய மெதுவா கிள்ளி சோப்புத் தண்ணில போட்டா ஒரு கூட்டமே முடிஞ்சது. நாள் கடத்துனா காடு பூரா பரவிரும், அப்பறம் டார்ச்சுதான்.

என்பிவி வைரஸ மத்தியானம் அடிக்கிறது

என்பிவிங்கறது புழுவுக்கு நோய் வர வச்சுக் கொல்ற வைரஸ் மருந்து. வெயில் அந்த வைரஸயே கொன்னுரும். சாயந்தரம் அடிங்க, நாட்டுச்சக்கரை கொஞ்சம் கலந்துக்கங்க. புழு தின்னாத்தான் வேல செய்யும், மறுநாளே சாகலன்னு கடைக்காரர்ட்ட சண்டைக்குப் போகாதீங்க.

டோஸ டபுள் பண்றது

வேணாம்.

வரப்பு ஆமணக்க வெட்டுறது

வெட்டாதீங்க, பூச்சிக்கு அது ரொம்பப் பிடிக்கும், கடலைய விட்டுட்டு அதுல போய் முட்டை வைக்கும். ஆனா வாரம் ரெண்டு தடவ இலையப் பெரட்டிப் பாத்து முட்டை இருந்தா கிள்ளிப் போடணும். அதுக்கு சோம்பேறித்தனம்னா நட்டுத் தொலையாதீங்க.