486-இல் நெட்வொர்க் கார்டை ஓட வைத்தது

டாஸ் 6.22 இயங்குதளம் ஓடும் என் பழைய 486 கணினியில், ஐஎஸ்ஏ என்ற பழைய வகை ஸ்லாட்டில், என்இ2000 வகை நெட்வொர்க் கார்டு ஒன்றைச் செருகினேன். கார்டை டாஸில் இயக்கும் பாக்கெட் டிரைவர் ஏறியது, மேக் முகவரியையும் (கார்டின் அடையாள எண்) ஒழுங்காகக் காட்டியது. ஆனால் நெட்வொர்க்கிலிருந்து ஐபி முகவரியைத் தானாக வாங்கும் டிஎச்சிபி, கேட்டுக் கேட்டே ஓய்ந்துபோனது.

மேக் முகவரி சரியாக வருகிறது என்றால் கணினி கார்டோடு பேசும் 0x300 என்ற ஐஓ முகவரியில் கோளாறு இல்லை. அப்போது சந்தேகம் ஐஆர்க்யூ மேல்தான் (கார்டு பிராசஸரைக் கூப்பிடும் வழியின் எண்). கார்டு ஐஆர்க்யூ 3-இல் இருந்தது. அது வழக்கமாக காம்2 என்ற சீரியல் போர்ட்டின் இடம். 5-க்குத் தள்ளலாம் என்றால் அங்கே சவுண்ட் கார்டு ஏற்கெனவே குடியிருந்தது. நல்லவேளை, 16 பிட் கார்டு என்பதால் 10 கிடைத்தது. இதில் எண்ணை மாற்றக் கையால் செருகும் ஜம்பர் கிடையாது. கார்டின் செட்டப் புரோகிராமில் மாற்றிவிட்டு, கணினி தொடங்கும்போது ஓடும் ஆட்டோஎக்ஸெக் கோப்பில் டிரைவர் வரியையும் '0x60 10 0x300' என்று திருத்தினேன் (நடுவில் உள்ள 10தான் ஐஆர்க்யூ).

அப்புறமும் லிங்க் விளக்கு எரியவில்லை. கார்டின் முதுகில் பழைய கோஆக்ஸ் கேபிளுக்கான பிஎன்சி முனை, இன்றைய நெட்வொர்க் கேபிளுக்கான ஆர்ஜே45 முனை இரண்டும் உண்டு. செட்டப்பில் மீடியா கோஆக்ஸ் என்றே கிடந்தது! அதை 10பேஸ்-டி (ஆர்ஜே45 முனை) ஆக்கி, மெஷினை அணைத்துப் போட்டதும் பச்சை விளக்கு வந்தது, ஐபியும் வந்தது.

சுவிட்சையும் கொஞ்சம் பாருங்கள். புதிய 2.5 கிகாபிட் போர்ட்டுகள் சிலவற்றுக்கு இந்தக் கார்டின் 10 எம்பிபிஎஸ் வேகம் ஒத்துவராது.