ஆயில் பெயின்டில் கடல்: அலைக்குள் வெளிச்சம் வரவழைப்பது எப்படி?

கேன்வாஸுக்கு ப்ரைமர் அடிப்பது, பிரஷ் கழுவுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

ஆறு நிறம் போதும்: டைட்டானியம் வெள்ளை, அல்ட்ராமரின் நீலம், விரிடியன் (நீலம் கலந்த பச்சை), யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), பர்ன்ட் அம்பர் (கரும்பழுப்பு). கறுப்பு ட்யூப் வாங்கவே வேண்டாம். அல்ட்ராமரினும் அம்பரும் கலந்து வரும் கருமைதான் பாறைக்கு அழகு.

சியன்னாவை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து, கேன்வாஸ் முழுக்கப் பூசித் துணியால் துடைத்துவிடுங்கள். காய்ந்ததும் தொடுவானக் கோடு. அது நடுவில் வேண்டாம். இரண்டு ஓரத்திலும் ஸ்கேல் வைத்து அளந்து போடுங்கள்; ஒரு நூல் சாய்ந்தாலும் கடல் ஒரு பக்கமாக வழிந்துவிடும். வானத்தை முதலில் முடியுங்கள். தண்ணீரின் நிறம் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது.

இனி அலை. பலரும் மாட்டிக்கொள்கிற இடம் இது. மொத்த அலையையும் ஒரே நீலத்தில் தீற்றிவிட்டு, உச்சியில் வெள்ளையை வைத்துவிடுகிறார்கள். எழும்பும் அலை உச்சியை ஒட்டி மெலிந்திருக்கும். பின்னாலிருந்து வரும் வெயில் அதை ஊடுருவி வரும். அந்த இடத்துக்கு விரிடியன், ஓக்கர், துளி வெள்ளை. கீழே போகப் போக அல்ட்ராமரின், கொஞ்சம் அம்பர். இரண்டும் சேரும் இடத்தை, ஈரம் காய்வதற்குள், உலர்ந்த பிரஷால் அலை வளைகிற திசையிலேயே இழுத்துவிடுங்கள். குறுக்கே இழுத்தால் வளைவு போய்ச் சுவர் மாதிரி நிற்கும். கடல் ஓவியங்களுக்குப் பேர்போன ரஷ்ய ஓவியர் ஐவசோவ்ஸ்கி 1850-ல் தீட்டிய ‘ஒன்பதாவது அலை’ படத்தைப் பெரிதாக்கி, அலைமுகடுகளை மட்டும் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

நுரைக்கும் சுத்த வெள்ளை ஆகாது. நிழல் பக்கத்து நுரை சாம்பல் நீலம்: வெள்ளை, அல்ட்ராமரின், இம்மியளவு சியன்னா. வெயில் படும் விளிம்பில் மட்டும் வெள்ளையில் லேசாக ஓக்கர் கலந்து, கத்தியால் தடிப்பாக வையுங்கள். விசிறி பிரஷ் எனக்குப் பிடிக்காது, நுரையெல்லாம் ஒரே அச்சாக வரும். பழைய, முடி தேய்ந்த ஃபில்பர்ட் (முனை வளைந்த தட்டை பிரஷ்) அதைவிட நன்றாக வேலை செய்யும்.

ஈர மணலுக்கு வானத்தின் நிறத்தையே செங்குத்தாக இழுத்து, மேலே மெல்லிய படுக்கைக் கோடு ஒன்றிரண்டு. அவ்வளவுதான்.

பின்சேர்க்கை: மேல்பூச்சு வெடிக்கிறது என்று சிலர் கேட்டிருந்தார்கள். அடி அடுக்கில் எண்ணெய் அதிகமாகிவிட்டால் அப்படித்தான் ஆகும். கீழே டர்பன்டைன் கலந்த மெல்லிய பூச்சு, மேலே போகப் போக லின்சீட் (ஆளிவிதை) எண்ணெயைக் கூட்டுங்கள். அந்த எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே தனித்தனியாக விரித்துக் காயவிடுங்கள். வார்னிஷுக்கு ஆறு மாதமாவது பொறுங்கள். கத்தியால் தடிப்பாக வைத்த நுரை அதற்குமேலும் இழுக்கும்.