லேபிள் இல்லாம ஒரு ஹார்ட் ராக் பேண்ட் மேல வர்றது எப்படி

பேண்ட் ஆரம்பிக்கப் போறவங்க முதல்ல கேக்குறது எந்த கிட்டார் வாங்கலாம், எந்த ஆம்ப் நல்லா இருக்கும், லேபிள்காரங்கள, அதாவது பாட்ட வெளியிடுற கம்பெனிக்காரங்கள, எப்படிப் பிடிக்கிறதுன்னுதான். ஆனா நான் கவனிச்சவரைக்கும் பின்னாடி யாரும் இல்லாம மேல வர்ற ஹார்ட் ராக் பேண்டுக்கு ரெண்டு விஷயம் கெட்டியா இருக்கும். ஒண்ணு, டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் ஒண்ணா விழும். இன்னொண்ணு, யாருக்கு எது சொந்தம்னு முன்னாடியே பேசி எழுதி வெச்சிருப்பாங்க. மத்ததெல்லாம் போகப்போக கத்துக்கலாம், இந்த ரெண்டும் ஆட்டம் கண்டுச்சுன்னா நாலு நல்ல பாட்டு இருந்தும் பேண்ட் நிக்காது.

முதல்ல ரிகர்சல் ரூம். ஒரு தடவை கிட்டாரையும் மைக்கையும் சுத்தமா ஆஃப் பண்ணிட்டு டிரம்ஸ், பேஸ் மட்டும் முழுப் பாட்டையும் வாசிக்கட்டும். அதுவும் பாட்டோட வேகம் 130 பிபிஎம்னா (நிமிஷத்துக்கு 130 தட்டு), தாளம் தட்டுற மெட்ரோனோம 95 கிட்ட வெச்சு வாசிங்க, மெதுவா வாசிக்கும்போதுதான் ஓட்டை தெரியும். கிக், அதாவது காலால அடிக்கிற பெரிய டிரம், விழுற அதே நொடியில பேஸ் நோட் ஆரம்பிக்குதான்னு எல்லாரும் பாப்பாங்க, ஆனா அந்த நோட் எங்க முடியுதுன்னு பாக்குறவங்க கம்மி. ஹார்ட் ராக் ரிஃப்ல, அதாவது திரும்பத் திரும்ப வர்ற அந்த கிட்டார் துண்டுல, கனம் வர்றதே அந்த நிறுத்தத்துலதான், பேஸ் வாசிக்கிறவர் கையால ஸ்ட்ரிங்க அமுக்கி சத்தத்த நிறுத்துறதும் ஸ்னேர் டிரம் விழுறதும் ஒரே இடத்துல இருந்தா அந்த இடைவெளி நெஞ்சுல வந்து இடிக்கும், கொஞ்சம் இழுத்துச்சுன்னா எல்லாமே கொழகொழன்னு ஆயிடும். இது சரியாகுற வரைக்கும் கிட்டார திரும்ப ஆன் பண்ணாதீங்க, கிட்டாரிஸ்ட் கோச்சுக்கிட்டாலும் பரவாயில்ல.

கிட்டாரிஸ்ட்டுக்கும் ஒரு வேலை இருக்கு. வீட்ல தனியா வாசிக்கும்போது ஆம்ப்ல மிட்ஸ, அதாவது நடுத்தர சத்தத்த, முழுசா குறைச்சு பேஸ் (கீழ் சத்தம்), ட்ரெபிள் (மேல் சத்தம்) ரெண்டையும் ஏத்தி வெச்சா பிரமாதமா கேக்கும், பேண்டோட சேந்ததும் அந்த சத்தம் காணாம போயிடும், ஏன்னா கீழ இருக்குற இடத்த பேஸும் கிக்கும் பிடிச்சுக்கும், மேல இருக்குறத சிம்பல்ஸ் பிடிச்சுக்கும், கிட்டாருக்குன்னு இருக்குறதே நடுவுலதான். மிட்ஸ ஏத்துங்க, கெயின, அதாவது சத்தத்த கரகரன்னு ஆக்குற அளவ, குறைங்க. ஏசி/டிசில மால்கம் யங் வாசிச்ச ரிதம் கிட்டார கவனிச்சுக் கேளுங்க, எவ்வளவு கம்மியான டிஸ்டார்ஷன் (கரகரப்பு), ஆனா எவ்வளவு பெருசா கேக்குது!

ஒவ்வொரு ரிகர்சலையும் ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணி மறுநாள் கேளுங்க, அன்னைக்கே கேட்டா எல்லாம் நல்லாதான் தோணும். ஃபோன் ரெக்கார்டிங்ல பாடுற வார்த்தை புரியலைன்னா மேடையிலயும் புரியாது.

அப்புறம் காது, தயவுசெஞ்சு இத விளையாட்டா எடுத்துக்காதீங்க. 85 டெசிபல்ல 8 மணி நேரம் இருக்கலாம்னு ஒரு பாதுகாப்பு அளவு இருக்கு, ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும், அப்போ 100 டெசிபல்ல வெறும் 15 நிமிஷம்தான். சின்ன ரூம்ல டிரம்ஸ் பக்கத்துல நின்னா 100 சர்வசாதாரணமா தாண்டும். மியூசிஷியன்ஸுக்குன்னே இயர்பிளக் இருக்கு, பஞ்சு வெச்சு அடைச்ச மாதிரி இல்லாம எல்லா சத்தத்தையும் ஒரே அளவா குறைக்கும். காதுக்குள்ள கொய்ங்குன்னு ஒரு சத்தம் வந்து நிரந்தரமா தங்கிடுச்சுன்னா அத போக்க மருந்து கிடையாது.

பாட்டு விஷயத்துல அவசரப்படாதீங்க, அவசரத்துல அண்டாக்குள்ள கூட கை போகாது. நிறைய எழுதுங்க, மேடையில வாசிச்சுப் பாருங்க, ஜனம் தலையாட்டுற பாட்ட மட்டும் வெச்சுக்கோங்க. முதல் ரிலீஸுக்கு ஆல்பம் வேண்டாம், மூணு பாட்டு போதும். அயர்ன் மெய்டன் பேண்ட் 1978 கடைசியில பண்ணின சின்ன டெமோவ (மாதிரி ரெக்கார்டிங்க) ஒரு டிஜே தன்னோட கிளப்ல போட்டாரு, கூட்டம் அதையே திரும்பத் திரும்பக் கேக்க ஆரம்பிச்சுது, அப்புறம் 1979-ல அதுல இருந்து மூணு பாட்டு எடுத்து அவங்களே 5000 காப்பி அடிச்சு தபால்ல வித்தாங்க. மெட்டாலிக்கா 1982-ல பண்ணின டெமோ கேசட், ரசிகர்கள் ஒருத்தருக்கொருத்தர் காப்பி பண்ணி அனுப்பித்தான் பரவுச்சு. ரெண்டுலயுமே கேட்ட ஆளு அடுத்த ஆளுக்கு குடுத்ததுதான் நடந்துச்சு, இன்னைக்கும் அதே வழிதான், கேசட்டுக்கு பதிலா லிங்க் போகுது.

ரெக்கார்டிங்ல காச எங்க போடணும்னா டிரம்ஸ்ல போடுங்க. டிரம்ஸுக்கு மட்டும் நல்ல ரூம் இருக்குற ஸ்டுடியோவுல நேரம் எடுங்க, போறதுக்கு முன்னாடி ஸ்கின் மாத்தி ட்யூன் பண்ணிட்டுப் போங்க, மத்தத வீட்லயே கூட எடுத்துக்கலாம். கிட்டார ரெண்டு தடவை தனித்தனியா வாசிச்சு ஒண்ண முழுசா லெஃப்ட்லயும் இன்னொண்ண முழுசா ரைட்லயும் வெக்கணும். ஒரே டேக்க, அதாவது ஒரு தடவை வாசிச்சத, காப்பி பேஸ்ட் பண்ணினா அகலம் வராது, ரெண்டு பக்கமும் ஒரே சத்தம்னா காதுக்கு அது நடுவுல இருந்து வர்றதாத்தான் கேக்கும். ரெண்டு டேக்குக்கும் நடுவுல கை தானா பண்ற சின்னச்சின்ன வித்தியாசம்தான் அந்த சுவர் மாதிரி சத்தத்த குடுக்குது.

இப்போ யாருமே பேசப் பிடிக்காத விஷயம். ஒரு பாட்டுல ரெண்டு சொத்து இருக்கு, பாட்டு எழுதினதுக்கான உரிமை ஒண்ணு, அந்த ரெக்கார்டிங்குக்கான உரிமை, அதாவது மாஸ்டர், இன்னொண்ணு. ரெண்டுக்கும் தனித்தனியா காசு வரும், ரெண்டும் வேற வேற ஆள்கிட்ட இருக்கலாம். பாட்டு முடிஞ்ச அன்னைக்கே ரிஃப் யாருது, வரிகள் யாருது, யாருக்கு எத்தனை சதவீதம்னு எழுதி எல்லாரும் கையெழுத்து போட்டுடுங்க. என்னைக் கேட்டா சமமா பிரிக்கிறதுதான் நல்லது, பிளாக் சப்பாத் ஆரம்ப ஆல்பங்கள்ல நாலு பேர் பேரும்தான் போட்டிருப்பாங்க, குயின் 1989-ல இருந்து யார் எழுதினாலும் பேண்ட் பேர்லயே போட ஆரம்பிச்சாங்க, எந்தப் பாட்ட ரிலீஸ் பண்றதுங்கற சண்டை அதுல பாதி குறையும். பேண்ட் பேர் யாருக்கு சொந்தம், ஒருத்தர் விலகினா என்ன ஆகும்னும் அதே பேப்பர்ல எழுதுங்க. 2012-ல குயின்ஸ்ரைக் பேண்ட்ல பாடகர வெளிய அனுப்பினதும் அதே பேர்ல ரெண்டு பேண்ட் சுத்துச்சு, 2014-லதான் அது ஒரு முடிவுக்கு வந்துச்சு. நண்பர்களுக்குள்ள எதுக்கு பேப்பர்னு தோணும். நட்பு நிலைக்கணும்னா பேப்பர் வேணும், நான் இத மனசார சொல்றேன்.

ரிலீஸ் பண்றது இப்போ சுலபம், ஒரு டிஸ்ட்ரிப்யூட்டர் வழியா எல்லா ஆப்லயும் போட்டுடலாம். ஒவ்வொரு ரெக்கார்டிங்குக்கும் அத அடையாளம் காட்டுற, எழுத்தும் எண்ணுமா 12 இடம் கொண்ட ஐஎஸ்ஆர்சி கோட் வரும், அத பத்திரமா குறிச்சு வெச்சுக்கோங்க. ஸ்பாட்டிஃபைல பிட்ச் பண்ண, அதாவது அவங்க பிளேலிஸ்ட்ல சேக்கச் சொல்லிக் கேக்க, ரிலீஸுக்கு குறைஞ்சது 7 நாள் முன்னாடி கொடுக்கணும், நான் ஒரு மாசம் விடச் சொல்வேன். 2024-ல இருந்து ஒரு பாட்டு 12 மாசத்துல 1000 ஸ்ட்ரீம் தாண்டலைன்னா அங்க காசே வராது, அதனால ஸ்ட்ரீமிங்க நம்பி கணக்கு போடாதீங்க. ரசிகர்களுக்கு நேரா விக்கிற பேண்ட்கேம்ப் சைட்ல அவங்க எடுத்துக்கறது டிஜிட்டல் விற்பனைக்கு 15 சதவீதம், டி-ஷர்ட் மாதிரி பொருளுக்கு 10 சதவீதம், அதுக்கு மேல பேமென்ட் செலவு கொஞ்சம், மிச்சம் உங்களுக்குத்தான். சோஷியல் மீடியால ரிகர்சல் கிளிப் போட்டுக்கிட்டே இருங்க, அதுக்கு மேல அதுல மூளைய செலவு பண்ண வேண்டாம்.

மேடை. 30 நிமிஷம் குடுத்தாங்கன்னா 26 நிமிஷத்துக்கு செட் போடுங்க, நேரத்துக்கு இறங்குற பேண்டத்தான் திரும்பக் கூப்பிடுவாங்க. யார் எங்க நிக்கிறாங்க, எத்தனை மைக், எத்தனை டிஐ (மைக் இல்லாம நேரா மிக்ஸருக்கு இணைக்கிற பெட்டி)ன்னு ஒரு பக்கத்துல வரைஞ்சு சவுண்ட் இன்ஜினியருக்கு முன்னாடியே அனுப்பிடுங்க, போனதும் அவர் பேரக் கேட்டு வெச்சுக்கோங்க. சிம்பல் ஸ்டாண்ட மேடைக்கு வெளியவே மாட்டி ரெடியா வெச்சு தூக்கிட்டுப் போங்க. ட்யூனர் பெடல் கட்டாயம், ஜனத்துக்குக் கேக்குற மாதிரி ட்யூன் பண்ணாதீங்க. ஸ்பேர் கேபிள், ஸ்ட்ரிங், ஃபியூஸ், டிரம் கீ எல்லாம் ஒரே பையில இருக்கட்டும். ஒரே ஊர்ல வாராவாரம் வாசிச்சா வர்ற கூட்டமும் குறையும், அதுக்கு பதிலா வெளியூர் பேண்ட் ஒண்ணோட பேசி அவங்க ஷோவுக்கு நீங்க, உங்க ஷோவுக்கு அவங்கன்னு மாத்திக்கோங்க, ரெண்டு பேருக்கும் புது ஆளு கிடைக்கும். வாசிச்சு முடிச்சதும் ரூமுக்குள்ள ஒளியாம டி-ஷர்ட் மேசைக்குப் பின்னாடி போய் நில்லுங்க.

இதெல்லாம் ஓடிச்சுன்னா லேபிள் தானா தேடி வரும். மாட்லி க்ரூ 1981-ல முதல் ஆல்பத்த சொந்த லேபிள்ல போட்டு, அது வித்த பிறகுதான் அடுத்த வருஷம் பெரிய கம்பெனி எடுத்து திரும்ப வெளியிட்டுச்சு. கிளட்ச் மாதிரி பேண்ட் பல வருஷம் லேபிள்கள்ல இருந்துட்டு 2008-ல சொந்த லேபிளுக்கு வந்துட்டாங்க, ரெண்டு பாதையும் சரிதான். கையெழுத்து கேட்டா ஒரு மியூசிக் வக்கீல்கிட்ட காட்டாம போடாதீங்க, அட்வான்ஸ்னு தர்ற பணம் உங்க பங்குல இருந்துதான் கழியும். மாஸ்டர மொத்தமா எழுதிக் குடுக்காம இத்தனை வருஷத்துக்கு லைசன்ஸ்னு கேளுங்க, அந்த வருஷம் முடிஞ்சதும் எல்லா உரிமையும் பேண்டுக்கே திரும்ப வரணும்னு ஒரு வரி அதுல இருக்கான்னு பாருங்க, இல்லைன்னா சேக்கச் சொல்லுங்க.