காய்ச்சலோடு வாந்தி வந்தால் மாந்தம் என்று விட்டுவிடாதீர்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் சின்னப் பிள்ளை வாந்தி எடுத்தால் வீட்டில் முதலில் எழும் பேச்சு ‘மாந்தம்’தான். பாட்டி ஓமத்தண்ணீர் காய்ச்சுவார், அம்மா வயிற்றில் மினியாக் அங்கின் தைலம் தேய்ப்பார். பாட்டிகளின் அக்கறையை நான் குறை சொல்லவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சலும் இருக்கும்போது இப்படியே இரண்டு நாள் போய்விடுகிறதே, அதுதான் என் கவலை. அது மலேரியாவாகவும் இருக்கலாம்.

மலேரியா என்றால் கிடுகிடுவென்று நடுக்கம் வரும், ஒருநாள் விட்டு ஒருநாள் காய்ச்சல் அடிக்கும் என்று நம்புவது முதல் தவறு. சின்னப் பிள்ளைகளுக்கு நடுக்கமே இல்லாமல் போகலாம். பால் வேண்டாம் என்று முகத்தைத் திருப்புவது, வாந்தி, வயிற்றுவலி, தண்ணீராகப் போவது, இவையே முன்னால் நிற்கும். பார்ப்பதற்கு அப்படியே சாதாரண வயிற்றுப்போக்குதான்.

‘இங்கே ஏது மலேரியா?’ என்று கேட்பார்கள். மனிதரிடமிருந்து மனிதருக்குக் கொசு வழியே பரவும் மலேரியா, 2018இல் மலேசியாவுக்குள்ளேயே தொற்றியதாக ஒன்றுகூடப் பதிவாகவில்லை, உண்மைதான். ஆனால் அதே ஆண்டில் குரங்கிடமிருந்து கொசு வழியே வரும் நோலெசி மலேரியா 4,000 பேருக்கு மேல் வந்தது. பெரும்பகுதி சபா, சரவாக்கில், அதிகமும் பெரியவர்களுக்கு. என்றாலும் தீபகற்பத்தின் காட்டோரங்களும் விலக்கல்ல. நோலெசிக் கிருமி ஒரே நாளில் பெருகிவிடும் என்பதால் ‘நாளைக்குப் பார்ப்போம்’ என்பது சரிவராது.

இங்கே டெங்கிதான் அதிகம், அதையும் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் பிளேட்லெட் (ரத்தத் தட்டணு) குறைந்தாலே டெங்கி என்று முடிவு கட்டக்கூடாது, நோலெசியிலும் அது குறையும். மலேரியாவுக்கும் ரத்தம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். துரியான் பருவத்தில் தோப்புக் குடிசையில் இரவு தங்கியது, ஆற்றோரம் இருட்டும்வரை இருந்தது, வெளிநாடு போய்வந்தது, இதையெல்லாம் நீங்களாகச் சொன்னால்தான் டாக்டருக்குத் தெரியும். முதல் சோதனையில் கிருமி தெரியாமல் போகலாம். காய்ச்சல் நின்றபாடில்லை என்றால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும். பாரசிட்டமால் கொடுத்ததும் பிள்ளை எழுந்து விளையாடும், அதை நம்பி வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் வேண்டாம், டெங்கியாக இருந்தால் ரத்தக்கசிவு வரலாம்.

வயிற்றுப்போக்கை நிறுத்தப் பெரியவர்களின் மாத்திரையை உடைத்துக் கொடுப்பது பெரிய தவறு. கடையில் விற்கும் 100 பிளஸ் பானமும் ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைக் கரைசல்) ஆகாது, அதில் சர்க்கரை கூடுதல், உப்பு குறைவு. ஓஆர்எஸ் பொடியை பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைத்து, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். கக்கினால் பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாக. தாய்ப்பாலை நிறுத்தவே வேண்டாம்.

குடித்ததெல்லாம் வெளியே வருகிறது, குடிக்கவே முடியவில்லை, எழுப்பினால் கண் திறக்கவில்லை, வலிப்பு, மூச்சிரைப்பு, வெளுத்த உள்ளங்கை, கறுத்த சிறுநீர், இதில் ஒன்று இருந்தாலும் நேரே பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

அப்புறம் மலேரியா மருந்து. என் அக்கா மகன் மூன்று வயதில் வார்டில் மாத்திரைக் கரைசலைக் குடித்துச் சில நிமிடத்தில் அக்காவின் தோள்மேலேயே கக்கிவிட்டான். நர்ஸ் திட்டுவார் என்று அக்கா சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டுப் பேசாமல் இருந்தார். துணியில் மஞ்சள் கறையைப் பார்த்து நான்தான் போய்ச் சொன்னேன். யாரும் திட்டவில்லை. மணியைப் பார்த்து, டாக்டரைக் கேட்டு, அந்த வேளை மருந்தை மறுபடி கலந்து கொடுத்தார்கள்.