வீடு கட்டும் வேலையைக் கிளவுடில் நடத்துவது எப்படி: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

சமையலறை ஜன்னல் கிழக்குச் சுவரில் வேண்டும் என்று வீட்டுக்காரம்மா கேட்டார். பொறியாளர் வரைபடத்தைத் திருத்தி வாட்ஸ்அப் குழுவில் போட்டும் விட்டார். ஆனால் கொத்தனார் கையில் இருந்தது முந்தைய வாரம் அச்செடுத்த தாள். லிண்டல் மட்டம் (ஜன்னலின் மேல் விளிம்பு) வரை சுவர் ஏறிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. இடித்துக் கட்ட நான்கு நாள் போயிற்று. யாரும் கவனக்குறைவாக இல்லை. திருத்தம் வந்ததை எல்லாருமே பார்த்திருந்தார்கள். அதற்குப் பிறகு குழுவில் வந்து குவிந்த படங்களிலும் பில்களிலும் 'காலை வணக்கம்' செய்திகளிலும் எது கடைசி வரைபடம் என்பது புதைந்து போயிருந்தது.

அன்றிலிருந்து ஒரு வழக்கத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு வேலைக்கு ஒரே வரைபடம், ஒரே அட்டவணை. பொறியாளர், மேஸ்திரி, வீட்டுக்காரர் எல்லாரும் அதையே பார்க்க வேண்டும். கிளவுட் நமக்குச் செய்துதரும் பெரிய உதவி இதுதான். கோப்பு நம் கணினியில் இல்லாமல் இணையத்தில் ஓரிடத்தில் இருக்கும். ஒருவர் மாற்றினால் மற்றவர்கள் திறக்கும்போது மாறியதுதான் தெரியும். 'புதுசு', 'புதுசு-2', 'கடைசி புதுசு' என்று பெயர் வைத்து அனுப்பும் பழக்கமே தேவையில்லாமல் போய்விடும்.

கீழே சொல்வது ஒரு சின்ன வீட்டு வேலைக்கான ஏற்பாடு. கோப்புகளை இணையத்தில் வைக்க உதவும் கூகுள் டிரைவை வைத்துச் சொல்கிறேன், ஏனென்றால் கட்டுமானத் தளத்தில் இருக்கும் பெரும்பாலானவர்கள் கைபேசியில் அது ஏற்கெனவே இருக்கும். கல்யாண ஏற்பாடோ கடை திறப்போ எதுவானாலும் இதே முறையில் செய்யலாம்.

முதல் படி: வேலைக்கென்று ஒரு கணக்கு

உங்கள் சொந்த ஜிமெயிலில் தொடங்காதீர்கள். இந்த வீட்டுக்கென்று ஒரு புதுக் கணக்கு திறந்துகொள்ளுங்கள். ஒரு கணக்கில் 15 ஜி.பி. வரை இலவசம். மின்னஞ்சல், டிரைவ், போட்டோஸ் மூன்றும் சேர்ந்துதான் அந்த 15 ஜி.பி. உங்கள் சொந்தக் கணக்கில் குடும்பப் படங்களே பாதி இடத்தை அடைத்திருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. கோப்பு யார் கணக்கில் உருவானதோ அவர்தான் அதற்கு உரிமையாளர். மேற்பார்வையாளர் தன் கணக்கில் அட்டவணை போட்டுக்கொண்டிருந்து, பாதியில் வேறு வேலைக்குப் போய்விட்டால், அவரைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

கணக்கு திறந்த கையோடு இரண்டடுக்குச் சரிபார்ப்பை (கடவுச்சொல்லோடு கைபேசியிலும் உறுதிசெய்யும் முறையை) இயக்கிவிடுங்கள். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் மறந்துவிடும்.

இரண்டாம் படி: கோப்புறைகள்

நான்கு போதும். 01 வரைபடம், 02 அட்டவணை, 03 தளப் படங்கள், 04 பில்கள். முன்னால் எண் போட்டால் வரிசை மாறாது. இதற்கு மேல் பிரித்துக்கொண்டே போனால் எதை எங்கே வைத்தோம் என்று நமக்கே தெரியாது.

மூன்றாம் படி: வரைபடம் எப்போதும் ஒன்றே

இந்தப் படியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். மேலே சொன்ன ஜன்னல் கதை மறுபடி நடக்காமல் தடுப்பது இதுதான்.

வரைபடத்தைப் பி.டி.எஃப். ஆக 01 கோப்புறையில் ஏற்றுங்கள். திருத்தம் வந்ததும் அதைத் தனிக் கோப்பாக ஏற்றிவிடாதீர்கள். கணினியில் டிரைவைத் திறந்து, பழைய கோப்பின் மேல் வலது கிளிக் செய்து, கோப்புத் தகவல் பகுதியில் 'மேனேஜ் வெர்ஷன்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அங்கேதான் புதிய வரைபடத்தை ஏற்ற வேண்டும். இப்படிச் செய்தால் கோப்பின் இணைப்பு மாறாது, உள்ளே இருக்கும் வரைபடம் மட்டும் மாறும். போன மாதம் அனுப்பிய இணைப்பை இன்று தொட்டாலும் இன்றைய வரைபடம்தான் திறக்கும்.

பழைய பதிப்பும் அதே பட்டியலில் இருக்கும். ஆனால் 30 நாள் கழித்தோ, அதற்கு மேல் 100 புதிய பதிப்புகள் ஏறிய பிறகோ அது தானாக அழிந்துவிடலாம். அதனால் ஒவ்வொரு பதிப்புக்கும் பக்கத்திலுள்ள 'கீப் ஃபாரெவர்' என்பதைத் தொட்டுவிடுங்கள். 'முதலில் என்ன பேசினோம்' என்ற கேள்வி வரும் நாளில் பழைய வரைபடமும் கையில் இருக்க வேண்டும்.

இனி இதைத் தளத்துக்குக் கொண்டுபோக வேண்டும். இந்த ஒரு கோப்புக்கு மட்டும் 'இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்' என்று அனுமதி கொடுங்கள். குரோமில் அந்தப் பக்கத்தைத் திறந்து, குரோமின் மெனுவிலுள்ள பகிரும் பகுதிக்குப் போனால் க்யூ.ஆர். குறியீடு உருவாக்கும் வசதி இருக்கும். அதை அச்செடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, சிமெண்ட் அடுக்கும் அறையின் கதவில் ஒட்டிவிடுங்கள். கம்பி கட்டுபவரோ எலெக்ட்ரீஷியனோ சந்தேகம் வந்தால் கைபேசியைக் காட்டினால் போதும். யாரையும் கூப்பிட்டு 'கடைசி பிளானை அனுப்புங்க' என்று கேட்க வேண்டியதில்லை.

திருத்தம் ஏற்றிய அன்று மேஸ்திரியைக் கூப்பிட்டு நேரில் சொல்லிவிடுங்கள். கோப்பு சரியாக இருப்பதைக் கிளவுட் பார்த்துக்கொள்ளும். சொல்வது நம் வேலை.

நான்காம் படி: தேதிகள் தாமாக நகரும் அட்டவணை

02 கோப்புறையில் ஒரு கூகுள் ஷீட் திறங்கள். எதையும் எழுதும் முன், அமைப்புகளுக்குப் போய் நாட்டை இந்தியா என்று மாற்றுங்கள். அது அமெரிக்காவில் நின்றுகொண்டிருந்தால், நீங்கள் 10/06 என்று எழுதுவதை அக்டோபர் 6 என்று எடுத்துக்கொள்ளும். அட்டவணை முழுக்கத் தப்பாகி, எங்கே தப்பு என்றும் பிடிபடாது.

ஏழு பத்திகள் போடுங்கள்: வேலை, எதற்குப் பிறகு, தொடக்கம், எத்தனை நாள், முடிவு, பொறுப்பு, நிலை.

அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுவது, பேஸ்மெண்ட், கதவு நிலை வைப்பது, லிண்டல், சென்ட்ரிங், கம்பி கட்டு, ரூஃப் கான்கிரீட், பூச்சு, டைல்ஸ் என்று வேலைகளை வரிசையாக எழுதுங்கள். தொடக்கத் தேதியைக் கையால் எழுதுவது முதல் வேலைக்கு மட்டும்தான். மற்றவற்றுக்கு, சமன் குறி போட்டு, எந்த வேலை முடிந்த பிறகு இது தொடங்குமோ அதன் முடிவுத் தேதிக் கட்டத்தைத் தொட்டு, ஒன்றைக் கூட்டுங்கள். முடிவுத் தேதிக்கு, தொடக்கத்தோடு நாட்களைக் கூட்டி ஒன்றைக் கழியுங்கள். அவ்வளவுதான் சூத்திரம்.

ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். ஜூன் 10 அன்று ரூஃப் கான்கிரீட் போடுவதாக இருக்கிறது. அடுத்த வரியில் 'முட்டு நிற்கும் காலம்' என்பதைத் தனி வேலையாகவே எழுதுங்கள் (கான்கிரீட் இறுகும்வரை அதைக் கீழிருந்து தாங்கும் கம்பங்கள்தான் முட்டு). இதைப் பலர் எழுதுவதில்லை. ஆள் யாரும் வேலை செய்யாததால் இது ஒரு வேலையாகத் தோன்றுவதில்லை. கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரநூலான ஐ.எஸ். 456:2000-இன்படி, இரண்டு தாங்கிகளுக்கு நடுவே 4.5 மீட்டருக்கு மேல் இடைவெளியுள்ள கூரைத் தளத்தின் முட்டுகளைக் குறைந்தது 14 நாள் எடுக்கக் கூடாது. அதற்குள் அடங்கினால் 7 நாள். இது சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டுக்கான கணக்கு. வேறு வகை சிமெண்ட் என்றாலும், பீம் இருந்தாலும் பொறியாளர் சொல்லும் எண்ணையே எழுதுங்கள். நாம் 14 என்று வைத்துக்கொள்வோம். ஜூன் 11-ல் தொடங்கி ஜூன் 24-ல் முடியும். சென்ட்ரிங் பிரிப்பது ஜூன் 25.

மழை வந்து கான்கிரீட் 13-ஆம் தேதிக்குத் தள்ளிப்போனால் என்ன ஆகும்? கான்கிரீட்டின் தொடக்கத் தேதிக் கட்டத்தில் மட்டும், சூத்திரத்துக்குப் பதிலாக ஜூன் 13 என்று கையால் எழுதுங்கள். பிரிக்கும் தேதி 28 ஆகும். அதன் பிறகு வரும் பூச்சும் டைல்ஸும் தாமாக நகரும். வீட்டுக்காரர் கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறிக்கும் முன்னாலேயே உண்மையான தேதி அவர் கண்ணில் படும். தேதி தாளில் இருந்திருந்தால், முதல் வரியைத் திருத்திவிட்டு மற்றவை அப்படியே கிடந்திருக்கும். அவசரத்தில் யாராவது 25-ஆம் தேதியே முட்டுகளைப் பிரித்திருக்கக்கூடும். அது உயிர் சம்பந்தப்பட்ட தவறு.

நிலை பத்தியில் யாரும் இஷ்டப்படி எழுத விடாதீர்கள். தேர்ந்தெடுக்கும் பட்டியல் ஒன்று வையுங்கள்: தொடங்கவில்லை, நடக்கிறது, நிற்கிறது, முடிந்தது. 'நிற்கிறது' என்று வந்தால் கட்டம் சிவப்பாக மாறும்படி அமைத்துவிட்டால், காலையில் ஒரு பார்வையில் எங்கே போக வேண்டும் என்று தெரிந்துவிடும்.

ஐந்தாம் படி: யாருக்கு என்ன அனுமதி

மூன்று வகை உண்டு. வியூவர் பார்க்க மட்டும், கமென்டர் கருத்து எழுத, எடிட்டர் மாற்ற. அட்டவணையில் எடிட்டர்கள் இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். வீட்டுக்காரருக்குக் கமென்டர் கொடுங்கள். 'இந்த வாரம் டைல்ஸ் பார்க்கப் போகலாமா' என்று அந்தக் கட்டத்திலேயே அவர் கேட்கலாம், பதிலும் அங்கேயே நிற்கும்.

செலவுக் கணக்கை இதே ஷீட்டில் இன்னொரு தாளாக வைத்து மறைத்துவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். மறைத்த தாளும் கோப்போடு சேர்ந்ததுதான். கோப்பை நகலெடுப்பவர் அதைத் திறந்துவிடலாம். 'புரொடெக்ட்' என்ற பூட்டும் மாற்றுவதைத்தான் தடுக்கும், பார்ப்பதைத் தடுக்காது. உங்கள் கொள்முதல் விலையும் கூலிக் கணக்கும் தனிக் கோப்பில், உங்கள் சொந்தக் கணக்கில் இருக்கட்டும்.

ஆறாம் படி: தினமும் ஐந்து கேள்வி

மேஸ்திரியை ஷீட்டில் எழுதச் சொன்னால் எழுத மாட்டார், அவருக்கு அதற்கு நேரமும் இல்லை. கூகுள் ஃபார்மில் ஐந்தே கேள்விகள், தமிழில். இன்று எத்தனை கொத்தனார், எத்தனை சித்தாள்? என்ன வேலை முடிந்தது? சிமெண்ட் எத்தனை மூட்டை மீதி? நாளைக்கு என்ன பொருள் வேண்டும்? எது நின்றுபோயிருக்கிறது, ஏன்?

இணைப்பை அவர் கைபேசியின் முகப்பிலேயே வைத்துக்கொடுங்கள். விசைப்பலகையில் மைக்கைத் தொட்டுத் தமிழில் பேசினாலே எழுத்தாகிவிடும் என்பதை ஒருமுறை உட்கார்ந்து செய்து காட்டுங்கள். எங்கள் மேஸ்திரி முதல் நாள் தயங்கினார். மூன்றாம் நாள் 'ஜல்லி ஒரு யூனிட் வேணும், நாளைக்கு மத்தியானத்துக்குள்ள' என்று பேசிப் பதிந்திருந்தார். பதில்கள் நேரத்தோடு ஒரு ஷீட்டில் சேர்ந்துகொண்டே போகும். மூட்டைக் கணக்கு இரண்டு நாள் தொடர்ந்து ஒட்டாமல் இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

ஏழாம் படி: மூடிப்போவதைப் படமெடுங்கள்

அழகான படங்களைவிட, நாளைக்குக் கண்ணுக்குத் தெரியாமல் போகப்போகிற விஷயங்களின் படங்கள்தான் தேவை. கான்கிரீட் போடும் முன் கம்பி கட்டு. பூச்சுக்கு முன் சுவரில் காடி எடுத்துப் பதித்த மின்குழாய், தண்ணீர்க் குழாய். டேப்பைத் தரையிலிருந்து பிடித்து, அளவு தெரியும்படி எடுங்கள். ஐந்து வருடம் கழித்து அந்தச் சுவரில் ஆணி அடிக்கும்போது இந்தப் படத்தின் அருமை தெரியும்.

பெயரை ஆண்டு, மாதம், நாள், இடம் என்ற வரிசையில் வையுங்கள்: '2025-06-09 சமையலறை வடக்குச் சுவர்'. தேதி வரிசையில் தானாக அடுக்கிக்கொள்ளும். ஒரு படம் 4 எம்.பி. என்றால் 3,000 படங்கள் 12 ஜி.பி.யைத் தின்றுவிடும். வீடியோவைத் தவிருங்கள்.

எட்டாம் படி: சிக்னல் இல்லாத நாளும், தவறி அழித்த நாளும்

புறநகர் மனைகளில் சிக்னல் வரும், போகும். டிரைவ் செயலியில் வரைபடத்துக்கும் அட்டவணைக்கும் 'ஆஃப்லைன்' வசதியை இயக்கி வையுங்கள். ஆனால் சிக்னல் இல்லாதபோது தெரிவது கடைசியாக இணைப்பு இருந்தபோது வந்த பதிப்புதான். முக்கியமான அளவு என்றால் ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்வது நல்லது.

கிளவுடில் இருக்கிறது, அதனால் பத்திரம் என்று நினைத்துவிடக் கூடாது. நீங்களோ எடிட்டர் ஒருவரோ தவறி அழித்தால் எல்லாருக்கும் அழிந்ததுதான். ஷீட்டில் நடந்த தவறு என்றால் 'வெர்ஷன் ஹிஸ்டரி'யில் பழைய நிலைக்குத் திரும்பலாம். கோப்பையே நீக்கியிருந்தால் குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும், அதன் பிறகு போய்விடும். சனிக்கிழமை கூலி கொடுத்து முடித்ததும், முழுக் கோப்புறையையும் பதிவிறக்கி ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போட்டுவிடுங்கள்.

ஒரே சமயத்தில் நான்கைந்து வீடுகள் என்று வந்தால் இந்த ஏற்பாடு திணறும். அப்போது அட்டைகளை நகர்த்தும் ட்ரெல்லோ அல்லது கான்ட் படமே (எந்த வேலை எந்தத் தேதி வரை என்று கோடுகளாகக் காட்டும் படம்) வரைந்து தரும் ஜோஹோ புராஜெக்ட்ஸ் போன்றவற்றைப் பாருங்கள். முதல் வீட்டுக்கு அவை வேண்டாம். கருவியைக் கற்றுக்கொள்வதிலேயே பேஸ்மெண்ட் முடிந்துவிடும்.

கடைசிப் படி: ஒப்படைப்பு

சாவி கொடுக்கும் நாளில் இதையும் சேர்த்துக் கொடுங்கள். முதலில் உங்களுக்கு ஒரு முழு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பில்களில் வாரண்டி அட்டைகள் இருக்கின்றனவா என்று ஒருமுறை பாருங்கள். மோட்டார், கீசர், தண்ணீர்த் தொட்டி எதுவும் விட்டுப்போகக் கூடாது. பிறகு வீட்டுக்காரரைப் பக்கத்தில் உட்கார வைத்து, கடவுச்சொல்லை அவரையே மாற்றச் சொல்லுங்கள். மீட்பு எண்ணாக அவருடைய எண்ணைப் போட்டு, உங்கள் எண்ணை நீக்குங்கள். உங்கள் கைபேசியிலிருந்து அந்தக் கணக்கை வெளியேற்றுங்கள். கடைசியாக, அவர் கைபேசியிலேயே 03 கோப்புறையைத் திறந்து, சமையலறை வடக்குச் சுவரின் குழாய்ப் படத்தைக் காட்டிவிட்டு வாருங்கள்.