கானில் போட்டது காணாமல் போவதில்லை: லயத்துக் குப்பையில் நாம் செய்யும் தவறுகள்

ஒரு வைகாசி மழையில், எங்கள் மலையகத் தோட்டத்தில் குழாய்த் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் குடத்தை வைத்துவிட்டுக் காத்திருந்தேன். தண்ணீர் நூலாக வடிந்தது. மேலே ஏறி, குழாய் தொடங்கும் இடத்தில் கையை விட்டால் லஞ்ச் ஷீட், ஷாம்பூ பக்கற், ஒரு பிள்ளையின் ஒற்றைச் சப்பாத்து. எல்லாம் மேல் லயத்து, அதாவது மேலே உள்ள வரிசை வீடுகளின், கானிலிருந்து (வடிகாலிலிருந்து) வந்தவை.

கானைக் குப்பைத்தொட்டியாக நினைப்பதுதான் பெரிய தவறு. கான் ஓயாவில், அதாவது சிற்றாற்றில், சேர்கிறது. கெசல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் கூடித்தான் களனி கங்கை ஆகிறது. கொழும்பு அதைத்தான் குடிக்கிறது. கொழும்பு கிடக்கட்டும், கீழ் லயத்துப் பீலியை நினைத்தாலே போதும்.

அடுப்புப் பற்றவைக்கப் பொலித்தீன் துண்டைச் செருகும் பழக்கமும் இருக்கிறது. விறகு ஈரம் என்பது உண்மைதான். ஆனால் அடுப்புச் சூட்டில் பிளாஸ்டிக் முழுதாக எரிவதில்லை; நச்சுப்புகை காம்பரா அறைக்குள்ளேயே சுற்றுகிறது. திறந்த வெளியில் குப்பை எரிப்பதற்கு 2017 செப்டம்பரிலிருந்து தடை உண்டு. அடுப்படிக்குள் எந்த அதிகாரியும் எட்டிப் பார்க்கப்போவதில்லை, நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"கூட்டெரு (கொம்போஸ்ட்) நம் குளிருக்குச் சரிவராது, நாறுகிறது" என்பார்கள். குளிரில் உக்குவதற்கு நாள் கூடும், அவ்வளவுதான். நாற்றம் ஈரத்தால் வருவது. மரக்கறிக் கழிவை மட்டும் கொட்டி மழைக்குத் திறந்துவிட்டால், காற்றுப் புகாமல் அழுகத்தான் செய்யும். அடியில் கவ்வாத்தில் வெட்டிய தேயிலைக் குச்சிகளைப் பரப்புங்கள். ஒரு பங்கு கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்த சவுக்கு இலை போடுங்கள். மேலே பழைய தகரம் ஒன்று. மீன் தலையும் எலும்பும் வேண்டாம். அவற்றுக்கு நாய் கூடும், நாயைத் தேடிச் சிறுத்தை வரும். தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

சிரட்டையை நிமிர்த்திப் போட்டால் நுளம்பு, கவிழ்த்துப் போடுங்கள். டோர்ச் பற்றரியை மரக்கறித் தோட்டத்தில் புதைக்காதீர்கள்.

பிரதேச சபை தோட்டத்துக்கு எதுவும் செய்யாது என்று கேட்காமலே இருப்பதும் தவறுதான். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தில் தோட்டங்களுக்குச் செலவிட இருந்த தடையை 2018இல் திருத்திவிட்டார்கள். லொறி லயம் வரை ஏறாவிட்டாலும், சந்திக்கு எந்த நாளில் வரும் என்று கேட்டுவையுங்கள். பிளாஸ்டிக்கைக் கழுவி, இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) காயவைத்து, உரப்பையில் கட்டுங்கள். கழுவாத யோகட் கோப்பையை யாரும் எடுக்கமாட்டார்கள்.