தமிழில் திரைக்கதை டைப் செய்ய: ஃபவுண்டன் முறையில் முதல் சீன்

ஆங்கிலத்தில் கதாபாத்திரத்தின் பெயரைப் பெரிய எழுத்தில் அடித்தால், அடுத்த வரி வசனம் என்று ஃபவுண்டன் முறையில் (வெறும் எழுத்தும் சில குறிகளும் கொண்டு திரைக்கதை எழுதும் முறை) இயங்கும் மென்பொருள்கள் தாமாகவே கண்டுகொள்ளும். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதமே கிடையாது. அதனால் பெயரும் வசனமும் ஆக்‌ஷனாகி (காட்சியில் நடப்பதைச் சொல்லும் பத்தியாகி) இடது ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். குறி வைத்து எழுதினால் இது தீர்ந்துவிடும்.

முதலில் யூனிகோடு. கீபோர்டு முறை தமிழ்99, ஃபொனெட்டிக் எதுவானாலும் சரி. பாமினி என்ற பழைய, யூனிகோடு அல்லாத ஃபான்ட்டில் அடித்த ஃபைலை யூனிகோடுக்கு மாற்றாமல் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். அடுத்து 'கொண்டோம்' என்று அடித்துப் பாருங்கள். கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகி நின்றால் அந்த மென்பொருள் தமிழுக்கு ஆகாது, வேறொன்றுக்கு மாறிவிடுங்கள்.

இப்போது சீன்:

.வெளி. காசிமேடு துறைமுகம் - அதிகாலை

ஏலக் கூச்சல். செல்வி காலிக் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்காருகிறாள்.

@செல்வி
(தலை நிமிராமல்)
வஞ்சிரம் இன்னா வெலைக்குப் போச்சுண்ணே?

> கட் டூ:

தொடக்கப் புள்ளி சீன் தலைப்புக்கு. @ பெயருக்கு. > டிரான்ஸிஷனுக்கு, அதாவது அடுத்த சீனுக்கு மாறும் விதத்துக்கு. பெயருக்கு மேலே ஒரு வெற்று வரி கட்டாயம் வேண்டும். பெயருக்கும் வசனத்துக்கும் நடுவே இருக்கவே கூடாது. அதிகம் தவறுவது இங்கேதான்: நடுவில் ஒரு என்டர் கூடினாலும் வசனம் ஆக்‌ஷனாகிவிடும்.

ஆக்‌ஷனில் கண்ணுக்குத் தெரிவதும் காதில் விழுவதும் மட்டும். 'அப்பாவை நினைத்துக்கொண்டாள்' என்பதைக் கேமரா எப்படி எடுக்கும்?

பெயர்களில் கறாராக இருங்கள். ஓரிடத்தில் 'காசிமேடு துறைமுகம்', இன்னோரிடத்தில் 'காசிமேடு ஹார்பர்' என்றால் மென்பொருள் இரண்டு லொகேஷன் என்றே பட்டியல் போடும். அதை நம்பி ஷெட்யூல் போடும் உதவி இயக்குநர் ஒரே இடத்துக்கு இரண்டு நாள் ஒதுக்கிவிடக்கூடும். செல்வி, செல்வியக்கா என்று மாற்றி மாற்றி எழுதினாலும் இதே கதி.

ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற கணக்கு 12 பாயின்ட் கூரியர் என்ற ஆங்கில ஃபான்ட்டுக்கானது. கூரியரில் தமிழ் எழுத்துகள் இல்லாததால் கம்ப்யூட்டர் வேறு ஃபான்ட்டை நுழைக்கும், கணக்கு மாறிப்போகும். ஸ்டாப்வாட்ச் வைத்து வசனத்தை வாய்விட்டுப் படித்து, ஆக்‌ஷனுக்கு நின்று நிதானித்து, நேரத்தைக் குறித்துக்கொள்வதே மேல்.

பிடிஎஃப் எடுத்ததும் வேறொருவர் போனில் திறந்து பாருங்கள். எழுத்துகள் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் தமிழ் ஃபான்ட் உள்ளே சேரவில்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற ஃபான்ட்டைத் தேர்ந்தெடுத்து மறுபடி எடுங்கள்.